பேப்பர் போடாத பெயர்

நாட்டின் தலைநகரில், லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பம், அப்பா ரிட்டயர் ஆனதும் திருச்சிக்குப் போய்விட்டது. மகள் மட்டும் படிப்புக்காக இங்கேயே, முனிர்கா பகுதியில் வாடகை அறையில் தங்கினாள். அவளுக்கு அறை பார்க்க அவள் அம்மாவோடு நானும் போயிருந்தேன்.

போன வருடம் ஒருநாள் காலைப் பேப்பரில் ஒரு பாலியல் வன்முறைச் செய்தி. பெண்ணின் பெயரைப் போடவில்லை. ஆனால் தமிழ் மாணவி, தந்தை ஓய்வுபெற்ற அதிகாரி, அறைக்கு நண்பர்கள் வந்துபோவார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னது, எல்லாம் இருந்தது. வாசல் கேட்டின் படம் வேறு. செய்தவனைப் பற்றி 'ஒரு வாலிபர்' என்பதோடு சரி.

அறை பார்க்கப் போனபோது நான் நுழைந்த அதே பச்சை கேட். பதற்றத்தில், எங்கள் குடியிருப்புத் தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில், "ஐயோ, இது நம்ம பொண்ணு இல்லையா?" என்று அவள் பெயரைப் போட்டே கேட்டுவிட்டேன். சுதாரித்து அழிப்பதற்குள், "அச்சா, அவளா!" என்று ஏழெட்டு பதில்கள்.

மாலையில் அவள் அம்மா திருச்சியிலிருந்து பேசினார். "சொந்தக்காரங்க எல்லாம் கூப்பிட்டுக் கேக்குறாங்கக்கா. பேப்பர்காரனே பேரைப் போடலை. நீங்க போட்டுட்டீங்களே."

அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டாள். இப்படி அடையாளம் காட்டலாமா என்று பேப்பருக்குக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. குழுவிலிருந்து விலகினேன், அங்கே பேச்சு நிற்கவில்லை. இப்போது அப்படிச் செய்தி வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன். திருப்புவதற்குள், யார் வீட்டுப் பெண்ணாக இருக்கும் என்று என் மனசு தேட ஆரம்பித்துவிடுகிறது.