பார்த்தவர் பதினேழு

இருபத்திரண்டு ஆண்டுகளில் ஐந்து இணையதளங்களில் வேலை பார்த்திருக்கிறேன். சென்னையில் முதலில் செய்தி, அடுத்து ஜோசியம், பிறகு சினிமா, அப்புறம் சமையல். கடைசியாகக் கள்ளக்குறிச்சிக்கே திரும்பி, கலைகளுக்கென்று நானே ஒன்று தொடங்கினேன். முதல் நான்கு இடங்களிலும் கற்றது ஒன்றுதான்: ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண வேண்டும், குறைந்ததைத் தூக்க வேண்டும்.

சென்ற தை மாதம் என் தளத்துக்கு வாங்கியிருந்த இடம் நிரம்பிவிட்டது. ஓராண்டில் இருபது பேர்கூடத் திறக்காத பக்கங்களை எண்ணினேன். அறுபத்து மூன்று. ஒரே மத்தியானத்தில் அத்தனையையும் அழித்தேன். அவற்றில் இருந்த பேட்டி ஒலிப்பதிவுகளுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

பங்குனியில் வெள்ளிமலையிலிருந்து ஓர் அம்மா போனைக் கையில் பிடித்தபடி வந்தார். அவருடைய கணவர் கூத்தில் மத்தளம் அடித்தவர். இறப்பதற்கு முந்தைய வருஷம் அவரைப் பேட்டி எடுத்திருந்தேன்.

"ஐயா, எங்க வூட்டுக்காரரு பேசுறது வர மாட்டேங்குதுங்க. போன்ல இன்னா கோளாறுன்னு தெரியல."

"எப்பப்பம்மா கேப்பீங்க?"

"அமாவாசைக்கு அமாவாசைதாங்க. வூட்டுல டவர் எடுக்காது. படையல் போட்டுட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒருக்கா கேட்டுட்டுப் போயி, அப்புறந்தான் சாப்புடுவேன்."

அழித்த பட்டியலை எடுத்தேன். அந்தப் பேட்டியைப் பார்த்தவர் பதினேழு. பன்னிரண்டு அமாவாசை இந்த அம்மா. மீதி ஐந்து நானாகவே இருக்கலாம்.

போனில் கோளாறு இல்லை, இடம் போதாமல் நான்தான் அழித்தேன் என்று சொன்னேன்.

"ஒரு மனுசன் பேசுறதுக்கு எவ்ளோ எடம் புடிச்சிருக்கும் ஐயா?"

எண்களில் பதில் இருந்தது. அதை விட்டுவிட்டு அலமாரியைத் திறந்தேன். பேட்டியை எழுதிவைத்திருந்த தாள்கள் மட்டும் இருந்தன. அவற்றையாவது படித்துக் காட்டலாமென்று ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாருங்க இது? தாலுகா ஆபீசுல மனு படிக்கிறாப்ல இருக்குது. மத்தளத்துல எலி பூந்த கதையச் சொல்லிக்கினே சிரிப்பாரே, அது எங்க?"

இருமல், சிரிப்பு, சொன்னதையே திரும்பச் சொல்வது, எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் எழுதுவேன். எலிக் கதையையும் வெட்டியிருந்தேன். அதையும் சொன்னேன்.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தேடிப் பாருங்கய்யா. எங்கனா ஒரு மூலையில கெடக்கும்" என்று என் நம்பரை வாங்கிக்கொண்டு, மூன்றே கால் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

இரண்டு ஹார்ட் டிஸ்க், ஏழு மெமரி கார்டு பார்த்துவிட்டேன். பேட்டி எடுத்த போனைப் போன வருஷமே கடையில் கொடுத்து வேறு மாற்றிவிட்டேன். இடம் தந்த கம்பெனிக்கு நான்கு முறை எழுதினேன். அழித்தது அழித்ததுதான் என்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அமாவாசை. படையல் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அந்த அம்மா என்னைத்தான் கூப்பிடுவார்.