கோணலாக மாட்டிய படம்

ஆற்றை ஒட்டி ஓடும் அந்த ரயில் பாதைக்கு மேலே இருப்பதை மலை என்று சொல்லிவிட முடியாது. ஓர் இடத்தில் ஒழுங்காக நிற்கத் தெரியாத மண்மேடு அது. மழை பெய்தால் சரியும். மழை விட்டு வெயில் அடித்தால், ஏதோ மறந்துவிட்டதுபோல் இன்னொரு தடவை சரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பார்ப்பதுதான் கொடியக்காவின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கையில் சிவப்புக் கொடி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை, அதனால் இந்தப் பெயர்.

சரிவில் வெள்ளையடித்த முளைக்குச்சிகளை ஒரே வரிசையாக அடித்து வைத்திருந்தார்கள். காலையில் முதல் முளைக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். மற்றவை எல்லாம் அதன் முதுகில் ஒளிந்துகொண்டால் மேடு சும்மா இருக்கிறது என்று அர்த்தம். ஒரு முளை எட்டிப் பார்த்தாலும் மண் நகர்கிறது. ரயிலை நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்தினால் சும்மா விடுவார்களா? ஜன்னலுக்கு ஒரு தலை நீளும். "ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்பார் ஒருவர். "ரயில வேடிக்கை பாக்கறதுக்கு நிறுத்துறா போல" என்பார் இன்னொருவர். மேற்பார்வையாளர் தன் பங்குக்கு வந்து, மண் விழாத நாளில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார். கொடியக்கா எல்லாவற்றையும் ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட்டுவிடுவாள்.

அவளால் முடிந்தது, அவள் வீட்டுக்காரரால் முடியவில்லை. மனிதர் தையல்காரர். மேட்டின் விளிம்பில் இருந்த ரயில்வே குடியிருப்பில், முன்னறையில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார். எதுவும் நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும் அவருக்கு. வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் கை அரிக்கும். அடுத்த வீட்டுக்குப் போனாலும் காலண்டரை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். பிற்பகலில் மனைவிக்கு டீ கொண்டுபோகும்போது ஜன்னல் தலைகள் திட்டுவதை அவரும் கேட்டிருக்கிறார். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த மழைக்காலத்தில் முளைகள் அதிசயமாக நேராக நின்றன. மேற்பார்வையாளர்கூட ஒருநாள் சிரித்துப் பேசிவிட்டுப் போனார். கொடியக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. சரிவில் ஒரு வெடிப்பு, கால் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. முளைகளோ அணிவகுப்பில் நிற்பதுபோல் நிற்கின்றன. எதை நம்புவது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது தையல்காரர் டீயோடு வந்தார்.

"இன்னைக்கும் ரெண்டு குச்சி கோணிக்கிட்டு நின்னுச்சு. காலையில நீ பாக்க வர்றதுக்கு முன்னாடியே நிமித்தி அடிச்சுட்டேன்" என்றார், பரிசு வாங்கிய முகத்தோடு.

"இன்னைக்குமா?"

"தினமும்தான். உனக்கு எதுக்குத் திட்டு?"

அப்படியென்றால் மேடு தினமும் நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது! அவள் டீயைத் தட்டிவிட்டு, கொடியை விரித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடினாள். ரயில் நின்றது. வழக்கம்போல் தலைகள் நீண்டன. திட்டத் தொடங்கிய முதல் ஆள் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது, எதிரே ஒரு மரம் நின்றபடியே இறங்கி வந்து பாதையில் உட்கார்ந்தது. அதன் பின்னால் மேட்டில் ஒரு துண்டும் வந்தது.

"குச்சியெல்லாம் நேராத்தானே இருந்துச்சு, எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"வீட்டுக்காரர் சொன்னாருங்க" என்றாள். அது உண்மைதானே!

மேற்பார்வையாளர் தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கொடியக்கா கல்யாணப் படத்தைக் கழற்றினாள். கயிற்றின் முடிச்சை ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டி, திரும்ப மாட்டினாள். படம் இடப்பக்கம் சாய்ந்து தொங்கியது. "இதுல கை வச்சீங்க, மேற்பார்வையாளர்கிட்ட முழுக் கதையையும் சொல்லிடுவேன்."

பாவம், மனிதர் பட்ட பாடு! சாப்பிடும்போது சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தைக்கும்போது பார்வை அங்கே போய்ப் போய், ஒரு சட்டைக்கு இரண்டு இடக் கையை வைத்துத் தைத்துவிட்டார். கொடியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஆனால் அவர் படத்தைத் தொடவில்லை.

இரவெல்லாம் மழை கொட்டிய ஒரு காலை. அவள் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை. முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது.

"இங்க வந்து பாரேன். படம் நேரா இருக்கு."

அவள் கரண்டியோடு வந்தாள். சுவரின் ஓரத்துக்கும் படத்தின் ஓரத்துக்கும் அளவெடுத்தாற்போல் பொருத்தமாக இருந்தது. "தொட்டீங்களா?"

"சத்தியமா தொடல. நான் சொன்னா நீ நம்பமாட்ட."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதையாவது நிமிர்த்திவிட்டால் அந்த முகத்தில் வரும் திருப்தி அவளுக்கு அத்துப்படி. இப்போது அங்கே பயம் மட்டும்தான் இருந்தது. முடிச்சையும் பார்த்தாள். அவள் தள்ளிக் கட்டிய இடத்திலேயே இருந்தது. அப்படியானால் படம் நிமிரவில்லை. சுவர்தான் சாய்ந்திருக்கிறது.

"நம்புறேன்" என்று சொல்லி அவர் கையில் ஒரு கொடியைத் திணித்தாள். "ஆத்துப் பாலத்துப் பக்கம் நீங்க ஓடுங்க. இந்தப் பக்கம் நான் போறேன்."

தையல்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் செருப்பைக் கோணலாகப் போட்டுக்கொண்டு ஓடினார். தண்டவாளத்தின் நடுவில் கொடியை விரித்து நிமிர்ந்து நின்றார். ரயில் கிறீச்சிட்டு நின்றது. தூரத்தில் அவர் வீட்டுச் சமையலறை, பாத்திரங்களோடு சரிந்து பாதைக்கு இறங்கியது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்பதால் ரயிலில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஜன்னலில் தலைகள் நீண்டன.

"யோவ், உனக்கு வேற வேலை இல்ல?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் அவள் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டது இதைத்தான்.

"திட்டுங்க சார்" என்றார். "அந்தப் பக்கம் அவளையும் திட்டிக்கிட்டுதான் இருப்பாங்க. பாதியாவது எனக்கு வரட்டும்."