லா என்றால் வக்கீலா?

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பையனுக்குக் காலேஜ் பார்ப்பது பெரிய தொல்லை. மாப்பிள்ளையாவது நேரில் வந்து உட்கார்ந்து முழிப்பான், காலேஜ் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பினாங்கு ஸ்திரீட்டில் கப்பல் டிக்கெட் விற்கும் கடையொன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை. மதராஸில் கொஞ்ச காலம் படித்தவன் என்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு டிக்கெட் கேட்டு வந்தவர்களைவிட, "நம்ம பையனுக்கு ஏத்த காலேஜ் எது?" என்று கேட்டு வந்தவர்களே அதிகம். யாருக்காவது யோசனை சொல்லப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நீங்கள் என் கட்சி.

காலேஜுக்கு நட்சத்திரம்

வட்டிக்கடைச் செட்டியார் ஒருவர் வந்தார். என்ன சொல்லித் தருகிறார்கள், ஹாஸ்டல் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலேஜுக்குக் கால்கோள் நடந்த நாள் எது, அன்றைக்கு என்ன நட்சத்திரம் என்றார். நாளைச் சொன்னேன். அதையும் பையன் ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமில் இருந்த ஜோசியரிடம் போனார். பத்தில் எட்டுப் பொருத்தம். கல்யாணத்துக்கே அவ்வளவு அமைவதில்லை என்று பூரித்துப்போய்ப் பையனைக் கப்பலேற்றினார்.

முதல் பரீட்சையிலேயே பையன் குப்புற விழுந்தான். செட்டியார் கடைக்குள் நுழைவதைப் பார்த்ததும் டிக்கெட் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். அவரோ நிதானமாக உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எட்டுப் பொருத்தம் இருந்துச்சே தம்பி, இல்லாத ரெண்டுல படிப்பு ஒண்ணு போலருக்கு."

பிளாச்சான் உண்டா?

சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வேலாயுதம் என்று ஒரு பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. தோட்டத்துக் கணக்கும் ஆள் பேர்ப் பதிவும் அவர் கையில். அவர் மகன் நடராஜன் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்தான். கிராணியார், அவர் மனைவி மீனாம்பாள், பையன் மூவரும் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி பிடித்து, வியர்க்க விறுவிறுக்க எங்கள் கடைக்கு வந்தார்கள்.

முதல் கேள்வி அம்மாளுடையது. பையனுக்குச் சோற்றோடு பிளாச்சான் சம்பல் இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காதாம். இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்துச் செய்வது அது; அழுகிய வாடை என்று சொல்லி மூக்கைப் பிடிப்பவர்களுக்கு அதன் அருமை தெரியாது. நான் இருந்த மதராஸ் ஹாஸ்டலில் சமையற்காரருக்கு வெங்காயமே பாவம். அதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "பிளாச்சான்கூட இல்லாத ஊருல என்னா தம்பி பெரிய காலேஜு?"

பையனே சொல்லிவிட்டான்

பிறகு கிராணியார் தொண்டையைச் செருமிக்கொண்டு பையனைப் பார்த்தார். "என்னடா படிக்கப் போறே? அண்ணன்கிட்ட நீயே சொல்லு."

நடராஜன் தரையைப் பார்த்தபடி, "அப்பா இஷ்டம் லா" என்றான்.

இந்த ஊர்ப் பேச்சுக்கு 'லா' ஒரு வால். மலாய்க்காரரிடமிருந்து வந்து எல்லோர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் வாக்கியம் முடியாது. ஆனால் மகனைக் கறுப்புக் கோட்டில் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஏங்கிய தகப்பன் காதில் அது எப்படி விழும்? கிராணியார் முகம் தீபாவளி மாதிரி ஆயிற்று. லா படிக்க முதலில் பி.ஏ. தேற வேண்டும், அது வருஷக்கணக்கு என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "அப்பா இஷ்டம் லாவாம்! என் மனசுல இருந்ததை எப்படிக் கண்டுபிடிச்சான் பாத்தீங்களா!"

மாடு கேட்காத கேள்வி

அந்தச் சந்தோஷத்தில் கிராணியார் மனைவியோடு மாரியம்மன் கோயிலுக்குப் புறப்பட்டார். பையன் மட்டும் கடையில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. தான் சொன்னது வெறும் வால்தான் என்று அப்பாவிடம் விளக்கிச் சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை.

உண்மையில் உனக்கு என்ன ஆசை என்று கேட்டேன். மதராஸில் மாட்டு வைத்தியத்துக்கு ஒரு காலேஜ் இருக்கிறதாமே என்றான். தோட்டத்து வண்டி மாடுகளுக்குக் குளம்பில் புண் வந்தால் லீவு நாளெல்லாம் இவன்தான் கழுவி மருந்து வைப்பானாம். அப்படியும் வக்கீல் தொழில் அத்தனை மோசமா என்று சும்மா சீண்டிப் பார்த்தேன். "நாலு பேரு முன்னால பேசணும்னா எனக்குத் தொண்டை அடைச்சிக்கும் அண்ணே. மாடு எதிர்க்கேள்வி கேக்காது லா."

வால் அறுந்தது

கிராணியார் நெற்றி நிறையத் திருநீற்றோடு திரும்பி வந்து டிக்கெட்டைப் போடச் சொன்னார். போட்டிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, அப்பா எதிரிலேயே சொல்லு. வக்கீலாகணுமா, வேணாமா?" என்றேன்.

"வேணாம் லா."

கிராணியார் குழம்பிப்போனார். "வேணாம்னும் சொல்றான், லான்னும் சொல்றான். நான் எதைத்தான் எடுத்துக்கிறது?"

அதுவரை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த மீனாம்பாள் பொறுமையிழந்தார். "டவுனுக்குப் படிக்க வந்த நாள்லேருந்து 'பசிக்குது லா'ன்னுதான் சோறு கேக்கிறான். அப்பல்லாம் கோர்ட்டுக்கா அனுப்பி வச்சீங்க?"

கிராணியார் மகனையே பார்த்தார். "அப்ப என்னதான்டா வேணும் உனக்கு?"

"மாட்டு டாக்டருக்குப் படிக்கிறேன்பா." அப்பாவிடம் அவன் வால் இல்லாமல் பேசி அப்போதுதான் கேட்டேன். கிராணியாருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். கறுப்புக் கோட்டு கைநழுவிப் போன வருத்தம் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது, பாவமாகத்தான் இருந்தது. கடைசியில் மேசைமேல் குனிந்து என் காதோடு சொன்னார்: "டிக்கெட்டைப் போடுங்க தம்பி. யாராச்சும் கேட்டா டாக்டருன்னு சொல்லுங்க, மாட்டை அவிழ்த்து விட்டுடுங்க."

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலேஜைக் கண்டுபிடித்துவிடலாம், கூடவே ஃபெரியில் வந்த பையனின் மனசைக் கண்டுபிடிக்கத்தான் அப்பாமாருக்கு ஆள் வேண்டியிருக்கிறது.