பாசி வளர்த்த உத்தியோகம்

போன மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்காக ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தேன். வரவேற்பு ஒரு ரிசார்ட்டில். எல்லோரும் மணமக்களோடு போட்டோ எடுக்க வரிசையில் நிற்க, நான் மட்டும் முன்கூடத்தில் இருந்த கடல்நீர்த் தொட்டி முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே பவளப்பாறை, மீன், எல்லாவற்றின் மேலும் பச்சைப் பாசி. அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தி நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டச் சுரண்ட எழும்பிய பாசி வாசம் இருக்கிறதே, அடடா! பட்டுப்புடவையும் அதுவுமாகக் கையை உள்ளே விடப் போய்விட்டேன். "ஆன்ட்டி, ஆன்ட்டி, தொடாதீங்க!" என்று அவள் பதறினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்னிடம் போய்த் தொட்டியைத் தொடாதே என்கிறாளே!

நான் சம்பளம் வாங்கியதே தொட்டியைத் தொடுவதற்குத்தான். எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில் கடற்கரையை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ், மொத்தமே நாலு மேசை. அங்கே தாஸ் பாபு என்ற வங்காளி அதிகாரி ஆசை ஆசையாக ஒரு தொட்டி கட்டியிருந்தார். மூன்று பக்கம் சிமெண்ட், முன்பக்கம் கண்ணாடி. அதில் ஒரு கடல் சாமந்தி, அதற்குள் ஒளிந்து விளையாடும் இரண்டு கோமாளி மீன்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத் தற்காலிக வேலையில் என்னை வைத்தார்கள். மேற்கு ஜன்னல் வெயில் நேரே தொட்டியில் விழும் என்பதைக் கட்டும்போது ஒருவரும் யோசிக்கவில்லை. இரண்டே மாதத்தில் பாசி தலைமுடி மாதிரி வளர்ந்து, மீன் எங்கே, சாமந்தி எங்கே என்று தேட வேண்டியதாகிவிட்டது. தேங்காய் நாரால் தேய்ப்பேன். திங்கட்கிழமை தேய்த்தால் வியாழக்கிழமை திரும்ப வந்து நிற்கும்.

வீட்டில் வேறு கத்தி தொங்கியது. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்குத் துறைமுக ஜெட்டியில் போட் எஞ்சின் பழுது பார்க்கிற வேலை. அம்மா ஒவ்வொரு நாளும் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள்: "ஏட்டி, இந்த வேல போச்சுன்னா அடுத்த கப்பல்ல ஏத்தி விட்டுருவேன் பாத்துக்க. மெயின்லேண்ட்ல ஒங்க அத்த மவன் எத்தன நாளைக்குக் காத்துக் கெடப்பான்?" அத்தை மகன் நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தீவை விட்டுப் போகவே மனசில்லை.

ஒரு நாள் காலை தாஸ் பாபு கையில் ஒரு தாளோடு ஓடி வந்தார். டெல்லியிலிருந்து வரும் பெரிய அதிகாரி மெட்ராஸில் கப்பலேறிவிட்டார். தொட்டி உருப்படியாக இருந்தால் வைத்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் இடித்துவிட்டு அங்கே குடிதண்ணீர்த் தொட்டி. "தீன் தின்! மூணே நாள்! குச் கரோ, ஏதாவது பண்ணு!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தொட்டி போனால் நானும் போனேன், கப்பல்தான், அத்தை மகன்தான்.

எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு ஊரி கிடங்கு. ஊரி என்கிற, பம்பரம் மாதிரிக் கூராக இருக்கும் கடல் நத்தைகளைக் கடலில் மூழ்கி எடுத்து வருவார்கள். ஓடு பட்டன் செய்ய மெயின்லேண்டுக்குப் போகும். இன்றைக்கு அதைத் தொட்டால் கேஸ், அன்றைக்கு மூட்டை மூட்டையாக வரும். அங்கே முக்குளிக்கிற சூசை அண்ணன் எங்கள் ஊர்க்காரர். என் அழுமூஞ்சியைப் பார்த்துவிட்டு விஷயம் கேட்டார். கேட்டதும் ஒரே சிரிப்பு.

"இதுக்கா அழுவுற? பாசியத் திங்கத்தான கடல்ல ஊரி கெடக்கு. ஒரு சாக்கு உசுரோட கொண்டாந்து போடுறேன். நீளமா இருக்கத மட்டும் கையால பிச்சுரு, மிச்சத்த அது பாத்துக்கிடும்."

நான் ஓடிப் போய்ச் சொன்னதும் தாஸ் பாபு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நான் அன்று முழுக்கப் பாசியைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்தேன். சாயங்காலம் சூசை அண்ணன் சாக்கை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். எங்கே இறக்கினார்? கை பழகிய இடத்தில், கிடங்கு வாசலில். கிடங்குக்குச் சாக்கு வந்தால் அங்கே வேலை செய்யும் அப்பாராவ் என்ன செய்வார்? என்றைக்கும் செய்வதைத்தான். மறுநாள் காலை அவரே தலையில் சுமந்து வந்து என் முன்னால் கொட்டினார். "சப் உபால் தியா பேட்டி, ஏக்தம் சாஃப்!" எல்லாவற்றையும் அவித்து, சதையைக் கழித்து, ஓட்டைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்திருக்கிறார். என் அவசரம் தெரிந்து விடியுமுன்பே எழுந்து செய்தாராம், பாவம்! திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. தாஸ் பாபு ஒரு ஓட்டை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இனி யாரையும் நம்புவதில்லை என்று நானே கிளம்பினேன். அன்று மத்தியானம் கடல் நன்றாக வற்றும் நாள். ஆபீஸுக்குக் கீழேயே பாறைத்திட்டு வெளியே வரும். சூசை அண்ணன் முன்னால், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நான் பின்னால். ஐயோ, அந்த ஒரு மணி நேரம்! கல்லுக்குக் கீழே கை விட்டால் ஊரி. இடுக்கில் ஊரி. ஓட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் துறவி நண்டு, அதுவும் பாசி தின்னுமாம், போடு வாளியில்! குட்டையில் மாட்டிய ஒரு நீல மீனைப் பிடிக்கப் போய், அதன் வாலடியில் இருந்த கத்தி மாதிரி முள் என் விரலைக் கிழித்தது. அண்ணன் "விட்ராத, விட்ராத!" என்கிறார், நான் ரத்தம் சொட்டச் சொட்டச் சிரிக்கிறேன். தண்ணீர் திரும்ப ஏறி முழங்காலைத் தொட்ட பிறகும் எனக்குக் கரையேற மனம் வரவில்லை.

கிடைத்த அறுபது ஊரியையும் நானே ஒவ்வொன்றாகத் தொட்டியில் வைத்தேன், நீல மீனையும் விட்டேன். கிடங்குப் பக்கம் வாளியைத் திருப்பக்கூட இல்லை. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், கண்ணாடியில் விரல் அகலத்துக்குச் சுத்தமான பாதைகள், குறுக்கும் நெடுக்குமாக! அந்தப் பாதை வழியே பார்த்தால் கோமாளி மீன் என்னைப் பார்க்கிறது. நான் போட்ட சத்தத்தில் அப்பாராவ் கரண்டியோடு ஓடி வந்தார். அடுத்த நாள் தொட்டிக்குள் இருந்த பாறையில், பாசிக்கு அடியில் மறைந்திருந்த ரோஜா நிறம் தெரிந்தது. நீல மீன் நாள் முழுக்கத் தலை நிமிராமல் மேய்ந்தது. தாஸ் பாபு கண்ணாடியை விட்டு நகரவே இல்லை, பார்ப்பதும் "அரே வாஹ்!" என்பதுமாக இருந்தார்.

பெரிய அதிகாரி வந்தார். குனிந்து பார்த்தார், சிரித்தார், ஒரு ஊரி கண்ணாடியில் ஏறுவதை ரொம்ப நேரம் கவனித்தார். பிறகு என் பக்கம் திரும்பி இந்தியில் கேட்டார்: பாசியை இதெல்லாம் தின்றுவிடுகிறதென்றால், உனக்கு இங்கே என்ன வேலை?

என் குழியை நானே தோண்டி, அறுபது பேரையும் உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்! அப்போதுதான் பார்த்தேன், ஐந்தாறு ஊரிகள் தண்ணீரை விட்டு மேலே, வெறும் சிமெண்டில் ஏறி நின்றன. கீழே கண்ணாடியில் மேய ஒன்றும் மிச்சமில்லை, பாறையில்தான் கொஞ்சம் இருந்தது.

"பத்து நாள்ல பாசி தீந்துரும் சாப்," என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில். "அதுக்கப்புறம் இதெல்லாம் பட்டினி கிடந்து சாகும், தண்ணி நாறும். இதுங்களுக்குப் பாசி வளர்க்க ஆள் வேணும்."

அவர் தாஸ் பாபுவைப் பார்த்தார். தாஸ் பாபு, தமக்கு முன்பே தெரியும் என்பதுபோல் பலமாகத் தலையாட்டினார். வேலை நிரந்தரமானது. பாசியை ஒழிக்க வந்தவள், ரிட்டயர் ஆகும்வரை ஆபீஸ் மொட்டை மாடியில் தட்டுத் தட்டாகக் கடல்நீர் வைத்து, கல் போட்டு, வெயில் காட்டி, பாசி வளர்த்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அத்தை மகனுக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது.

அப்பாராவ், சூசை அண்ணன், தாஸ் பாபு மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் ரிட்டயரான அடுத்த வருஷமே ஆபீஸை இடித்தார்கள், தொட்டியும் அதோடு சரி. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சுனாமி வந்த வருஷம் நிலமே தாழ்ந்துவிட்டது. போர்ட் பிளேர் பக்கத்துச் சிப்பிகாட் ஊரில் நெல் விளைந்த வயலெல்லாம் உப்புத் தண்ணீருக்குள் போனது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பாறைத்திட்டு போனதை யாரும் எழுதவில்லை. கடல் எவ்வளவு வற்றினாலும் அது இப்போது வெளியே வருவதில்லை. பௌர்ணமி, அமாவாசை பார்த்துப் போய் நிற்கிறேன், தண்ணீர்தான் தெரிகிறது. இந்த இடத்தை விட்டு என்னை அனுப்பிவிடுவார்களோ என்று அன்று எப்படித் துடித்தேன்! நான் எங்கேயும் போகவில்லை. அந்த இடந்தான் போய்விட்டது.