சிவப்புத் தாளுக்குள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் மலாக்காவில், காஜா பெராங் பக்கம், பூச்சட்டிகளுக்குத் தாள் சுற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பரிசுக்குப் போகும் செடிகளைச் கடை முதலாளியான சீனத் தவுக்கே கொண்டுவந்து இறக்குவார். சட்டியைச் சுற்றித் தேங்காய் நாரை வைத்து, மேலே சுருக்கம் சுருக்கமான சிவப்புக் கிரேப் தாளைக் கட்டி ரிப்பன் முடிந்தால், அழுக்குச் சட்டியும் கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். ஈரக்கை பட்டால் போதும், சாயம் ஒட்டிக்கொள்ளும். என் விரல்கள் எப்போதும் சிவப்புதான்.

அன்று காலை ஒரு ரோஜாச் சட்டி தெங்கேரா தெருவில், மலாய் பேசும் சீனரான ஒரு பாபா வீட்டுக்குப் போயிருந்தது. பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்தாம். மிச்ச நாரை அள்ளப் போனால், மூட்டைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூரான் குட்டிகள் நெளிந்தன. தாய்ப் பூரான் குட்டிகளைச் சுற்றியே படுத்துக் கிடக்கும். இங்கே குட்டிகள் இருக்கின்றன, தாயைக் காணோம். ஐயோ, நாரோடு நாராக அதையும் அந்தச் சட்டியில் திணித்துவிட்டேனா?

ஒரு வயதுகூட ஆகாத என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த வீட்டுக் கூடத்தில் என் ரோஜாச் சட்டி தொட்டிலை ஒட்டியே நின்றது.

"ரிப்பன் கோணலா இருக்கு, ஒரு நிமிஷம் கொடுங்க," என்று வீட்டுக்கார அம்மாளிடம் மலாயில் கெஞ்சினேன்.

"ஜாங்கான்! கை வைக்காதே," என்று குறுக்கே வந்தார். "விருந்தாளிங்க முன்னால பரிசைப் பிரிப்பாங்களா? போய்ச் சாப்பிடு."

பூரான் என்று வாய்விட்டுச் சொல்வதற்கென்ன என்பீர்கள். நல்ல நாளில் பச்சைப் பிள்ளை பக்கத்தில் அந்தப் பேச்சை எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் போனால்? அப்புறம் மலாக்காவில் எவர் எனக்கு வேலை கொடுப்பார்?

பிள்ளை தூக்கத்தில் கையை உதறியது. தாள் சரசரத்தது. விரல் உரசியதா, உள்ளே ஊர்ந்ததா? பிழைப்பு போனால் போகட்டும். மகளைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தாளைக் கிழித்தேன்.

"பைத்தியமா உனக்கு?" என்று அந்த அம்மாள் கத்தும்போதே அது விழுந்தது. ஒரு சாண் நீளம். தொட்டில் பக்கம் போகவில்லை, நேரே என் மகளை நோக்கி ஓடியது. அவளோ சிரித்துக்கொண்டே அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

மிதித்தது அந்த அம்மாள்தான். விருந்துக்கென்று போட்டிருந்த, பாசிமணி தைத்த செருப்பாலேயே மிதித்தார். பிறகு என் மகளைத் தூக்கி விரல் விரலாகப் பார்த்தார். அவள் சட்டையெல்லாம் சிவப்பு. ரத்தமென்று நான் அலறிவிட்டேன்.

"சாயம்தான். உன் கைச் சாயம்," என்றார்.

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அவளைக் குளிப்பாட்டி, தண்ணீரில் சிவப்பு போகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.