உமாபதியின் மூச்சுக்குழல்

என் வீட்டுக்காரர் உமாபதி காலமாகி வருஷம் இரண்டாகிறது. இன்னும் பக்கத்து வீட்டுத் தறி ஓடினால் அவர் பேச்சும் கூடவே கேட்பதுபோல் இருக்கிறது. நெய்துகொண்டே ஊர்க்கதை பேசுவார். வாயை மூடத் தெரியாத மனுஷன். அப்போது எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். இப்போது அதற்குத்தான் ஏங்குகிறேன்.

அந்த வாய் ஒருமுறை இருமலில் அடங்கிப்போனது. பட்டுத்தூசி என்று நான் கஷாயம் கொடுத்தேன். ஆஸ்துமா என்று ஒரு டாக்டர் மருந்து கொடுத்தார். நாலு வார்த்தை பேசினாலே மூச்சிரைக்கும். எனக்கு உயிரே இல்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

அங்கே டாக்டரம்மா கலைவாணி எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "முன்னாடி இருக்கிறது மூச்சுக்குழல், பின்னாடி சாப்பாட்டுக்குழல். மூச்சுக்குழல் நெஞ்சுக்குள்ள ரெண்டா பிரியுது. வலது கிளை அகலம், நேரா இறங்கும். எது தவறிப் போனாலும் பெரும்பாலும் அங்கதான் விழும். இவருக்கு அந்தப் பக்கம் அடைப்பு. கட்டியாகவும் இருக்கலாம். டியூப் விட்டுப் பார்க்கணும், இல்லேன்னா நுரையீரல் கெட்டுடும். ஏதாவது புரை ஏறிச்சா?"

"இல்லம்மா. டியூப் வேணாம்" என்றார் இவர்.

கட்டி என்று கேட்டும் வேண்டாமாம்! வலிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். வராந்தாவில் பிடித்துக்கொண்டேன். "இன்னாங்க அடம் இது? என்னை அம்போன்னு உட்டுட்டுப் போவப் போறீங்களா?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். தறியில் குறுக்கிழை ஓட்டும் நாடாவின் துளையில் வாய் வைத்து உறிஞ்சித்தான் நாங்கள் இழையை வெளியே எடுப்போம். அப்படி உறிஞ்சிய வேகத்தில், கன்னத்தில் ஒதுக்கியிருந்த பாக்குத்துண்டு உள்ளே போய்விட்டதாம்.

பாக்கா! என் தலையில் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த பாக்கு!

"டியூப் உட்டா தெரிஞ்சிடும், குழலி. சத்தியம் தப்பிட்டேன்னு தெரிஞ்சா, ஒரு தலவலி வந்தாகூட நீ பயந்துடுவே. உனக்கு எதனா ஆயிடுமோன்னு நானே பயந்துக்கினு கெடக்கறேன்."

அடப்பாவி மனுஷா! "என் தலைக்கு ஒண்ணும் ஆவாது. உங்க மூச்சு நின்னாதான் நான் செத்தேன். எழுந்து வாங்க."

டியூப் விட்டு எடுத்தார்கள். அரைக் கடலை அளவுதான் இருந்தது. மறுநாளே கரகரத்த குரலில் பக்கத்துக் கட்டில்காரரிடம் எங்கள் தெருக்கதையை ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் வந்து அதட்டினாள்.

"உடும்மா, பேசட்டும்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.