டாக்டர் லீலாபாயும் ஏழு குப்பி மாத்திரையும்

சுனாமி அடித்ததற்கு அடுத்த வருஷம், கடற்கரை ஆட்கள் இன்னும் வீடில்லாமல் அலைந்துகொண்டிருந்த காலத்தில்தான் டாக்டர் லீலாபாய் அவர்கள் எங்கள் உதியன்குளங்கரைக்கு வந்தார்கள். போன திங்கட்கிழமை பால் வாங்கப் போன இடத்தில் பால்காரி சொன்னாள்: "அண்ணே, நம்ம பிரஷர் டாக்டர் மரிச்சுப் போச்சாம்." பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றை இத்தனை வருஷமும் நான் சொல்லாமலே வைத்திருந்தேன்.

அவர்கள் ஒரு புது பிரஷர் மாத்திரையை ஆராய வந்தவர்கள். வழக்கமான மாத்திரையோடு ஆளுக்கொரு குப்பி தருவார்கள். சிலர் குப்பியில் மருந்து இருக்கும். சிலர் குப்பியில் பார்வைக்கு அதே மாத்திரை, உள்ளே மருந்து கிடையாது, வெறும் மாவு. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. அப்படிக் கொடுத்தால்தான் மருந்து பலிக்கிறதா என்று அறிய முடியுமாம்.

எழுத்தறியாத என்னிடம் கைநாட்டு வாங்குமுன் காகிதத்தை இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். நான் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். சிரித்தார்கள்.

"டேப்ரிக்கார்டர் மாதிரி சொல்லப்பிடாது அண்ணே. உமக்கு மனசிலானதச் சொல்லும்."

"பாதிப் பேருக்கு மருந்து இல்ல. அதாக்கும் மனசிலானது."

"கொள்ளாம், நல்லாச் சொன்னீரு. இனி விரல வையும்."

எங்கள் பக்கத்தில் ஏழு பேர் சேர்ந்தோம். ஒரு வீட்டில் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கினால் எல்லா வீட்டுக்கும் போகிற இடம் அது. எங்களில் ஒருவனான செல்வராஜின் சாயக்கடையில் டீ குடிக்கும்போது நான்தான் சொன்னேன்: "ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு மாவா? எல்லாத்தயும் ஒண்ணாத் தட்டிப் பங்கு வைப்போம் மக்கா."

"எல்லாருக்கும் மாவுதான்னா என்னத்தலே பங்கு வைப்ப?" என்றாள் சரோஜினி. ஆனாலும் குப்பியை முதலில் கவிழ்த்தது அவள்தான்.

டாக்டர் மாதாமாதம் ரத்தம் எடுத்து, மிச்ச மாத்திரைகளை எண்ணுவார்கள். ஒரு தடவைகூட எண்ணிக்கை தப்பவில்லை. ஒன்றரை வருஷம் கழிந்து ஒருநாள் சொல்லாமல் வந்தவர்கள், சாயக்கடையில் வாழையிலைமேல் குவித்திருந்த மாத்திரைகளைக் கண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆருக்க யோசனை இது?"

யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

கூட வந்த நர்ஸ் மெல்லச் சொன்னாள்: "மேடம், மாத்திரை எண்ணம் சரியாட்டு இருக்கு. நாம ஒண்ணும் காணல்ல, போவோம்."

"இவங்க நம்பித் தந்த ரத்தமாக்கும். அத வச்சு நான் பொய் எழுதப்பிடாது" என்ற டாக்டர், எங்களைப் பார்த்தார்கள். "பங்கு வைக்கப்பிடாதுன்னு நான் சொல்லித் தரல்ல. தப்பு எனக்கதாக்கும்."

மேலிடத்துக்கு அப்படியே எழுதியும் கொடுத்தார்கள். எங்களிடம் எடுத்ததெல்லாம் வீணானது. அந்த ஆராய்ச்சியும் அவர்கள் கையை விட்டுப் போனது. அப்போதாவது நான் போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் பிரஷர் பார்க்கும் கருவியோடு அவர்களே வந்து நின்றார்கள்.

"ஆராய்ச்சி தீந்தா உமக்க பிரஷரும் தீந்துருமா? கைய நீட்டும்."

கையை மட்டும் நீட்டினேன். தாம் படுக்கையில் விழும்வரை அவர்கள் வருவதை நிறுத்தவில்லை.

தனுவச்சபுரத்தில் டாக்டர் வீட்டு முற்றத்தில் அவர்களைக் கிடத்தியிருந்தார்கள். எங்கள் நாடி பிடித்த விரல்களுக்கு வெள்ளை உறை போட்டிருந்தது. குனிந்து, "அம்மா, அது நானாக்கும்" என்றேன். ஜெபப் பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

நிம்மதியாக உறங்குங்கள், டாக்டரம்மா. செல்வராஜ் போய்விட்டான், சரோஜினி போய்விட்டாள், மற்ற நால்வரும் போய்விட்டார்கள். கடைசிவரை ஒருவரும் என் பெயரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஏழு பேரில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன், தாசையன்.